உளியும் கொட்டாப்புளியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாமே வீட்டில் ஒருவருக்காகச் செய்யும் சின்ன மேசையைச் சுற்றித்தான். அளவுகள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். ஆசாரிமார் கணக்குப்படி ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டுவலி. தரையில் உட்கார்ந்து மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சீவவும் தேங்காய் துருவவும் முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்ய ஒரு சின்ன மேசை என் கையாலேயே செய்து கொடுக்க ஆசை. ஒக்கிப் புயலில் சாய்ந்த பலாவை அப்போதே அறுத்துப் போட்ட பலகை விறகுப்புரையில் கிடக்கிறது. மிஷின் எதுவும் இல்லை. ஒரு டிரில், ஒரு கைவாள், இழைப்புளி, இரண்டு உளி, மூலைமட்டம் உண்டு. அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.
– வாசகர், திங்கள்சந்தை

பதில்: பலா இதற்கு நல்ல மரம். இழைப்புக்கு இணங்கும், சுலபத்தில் கோணாது, வைரப் பகுதியைக் கறையான் அவ்வளவாக அண்டாது. இதைப் பழமரம்தானே என்று நினைப்பவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் ஏகாந்த மண்டபத்தில் நிற்கும் ஒற்றைப் பலாத் தூணை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். இழைத்த அன்று மஞ்சளாக இருக்கும் மரம் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தவிட்டு நிறத்துக்கு மாறும். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துச் சாயம் பூச வேண்டாம்.

புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். ஓர் அங்குலப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அதன்படி உங்கள் பலகை காய்ந்திருக்க வேண்டும். ஆனால் விறகுப்புரையில் அது எப்படிக் கிடந்தது என்பதுதான் விஷயம். மண்ணைத் தொட்டுக் கிடந்தாலும், ஓட்டுச்சாரல் பட்டாலும் எத்தனை வருடம் ஆனாலும் ஈரம்தான். சந்தேகம் தீர ஒரு வழி: பலகையின் முனையில் அரை அடி தள்ளி, உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். கேக் சுடும் அடுப்பில் 100 முதல் 105 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய்ச்சித் திரும்ப எடை போடுங்கள். 114 கிராம் 100 கிராமாக நின்றால் ஈரம் 14 சதவீதம். நம் கன்னியாகுமரி மாவட்டக் காற்றுக்கு 12 முதல் 15 வரை சரி. 18க்கு மேல் என்றால் பலகைகளைச் சட்டகத்தில் அடுக்கி, இடையில் குச்சி கொடுத்து, காற்றோடும் அறையில் இன்னும் இரண்டு மூன்று மாதம் போடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் முனை வெடிக்கும்.

பலகையின் ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்தால் அறுத்துத் தள்ளுங்கள். பூச்சி முதலில் இறங்குவது அங்கேதான். பத்து வருடம் கழித்து மேசைக்கு அடியில் மாவு கொட்டுவதைவிட இன்று இரண்டு அங்குலம் நஷ்டம் பரவாயில்லை.

இனி அளவு. சாப்பாட்டு மேசை உயரமான 29, 30 அங்குலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா வழக்கமாக இருக்கும் நாற்காலியில் இருக்கட்டும். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம்வரை அளந்துகொள்ளுங்கள். அதில் 2 அங்குலம் கழித்தால் மேசை உயரம். வெட்டுவதும் சீவுவதும் கையை அழுத்திச் செய்யும் வேலை. உயரம் கூடினால் வலி முட்டிலிருந்து தோளுக்கு ஏறும். அடுத்து தரையிலிருந்து தொடையின் மேல்பக்கம்வரை அளந்து, மேல்பலகைக்கு அடியில் வரும் சட்டத்தின் கீழ்விளிம்பு அதைவிட ஓர் அங்குலமாவது உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள கணக்கு 26 அங்குல உயரத்துக்கானது. உங்கள் அளவு வேறானால் கால் நீளத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மேல்பலகை 24 க்கு 16, கனம் முக்கால் அங்குலம். கால் நான்கு, 1¾ அங்குலச் சதுரம், நீளம் 25¼. சட்டங்கள் 2½ அங்குல அகலம், 7 நூல் கனம். நீளச்சட்டம் இரண்டு 18¼ அங்குலம், குறுக்குச்சட்டம் இரண்டு 11¼ அங்குலம். பின்கால்களுக்கு இடையில் தரையிலிருந்து 4 அங்குலத்தில் 1½ அங்குல அகலத்தில் இன்னொரு சட்டம், அதுவும் 18¼ நீளம். கடைசியாகச் சொன்னது தேங்காய்த் துருவிக்காக. மேசையில் திருகிப் பிடிக்கும் துருவியின் கைப்பிடியைச் சுற்றும்போது மேசை பக்கவாட்டில் இழுபடும்; கீழே பிடிப்பு இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் மூட்டு இளகிவிடும். முன்பக்கம் கீழ்ச்சட்டம் வேண்டாம், கால் நீட்ட இடம் வேண்டும். மேல்பலகை இரண்டு முனையிலும் 2 அங்குலம் வெளியே நிற்கும். துருவியின் வாய் பிடிக்க அது போதும். ஆனாலும் உங்கள் துருவியின் வாய் எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்து இழைக்கும் முன்னான மரம் முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. கணு, வெடிப்பு தள்ளிப் பார்த்தால் ஒரு கன அடி தாராளம். காலுக்கு 2 அங்குலக் கனப் பலகை வேண்டும். ஓர் அங்குலப் பலகைதான் உண்டு என்றால் இரண்டை ஒட்டிக் காலாக்கலாம். ஆனால் ஒட்டும் முகங்களை மட்டமாக இழைத்தால் கனம் குறையும், காலும் 1½ அங்குலத்தில்தான் நிற்கும். கீழே வரும் பொளிக் கணக்கையும் அப்போது சுருக்க வேண்டும்.

முதலில் கால்கள். நான்கையும் 26 அங்குலமாக, முக்கால் அங்குலம் கூடவே வெட்டுங்கள். அந்தக் கூடுதல் தலைப்பக்கம் இருக்கட்டும். பொளி குடையும்போது முனை பிளக்காமல் காப்பது அதுதான். எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு அறுத்து விடலாம். பொளி என்பது காலில் குடையும் நீள்சதுரத் துளை, கழுந்து என்பது அதற்குள் போகும் சட்டத்தின் நாக்கு. பொளியை முதலில் குடையுங்கள், கழுந்தைப் பிறகு வெட்டுங்கள். கழுந்து தடித்திருந்தால் ஒரு சீவல் எடுக்கலாம். பொளி அகன்றுவிட்டால் அதைச் சுருக்க முடியாது.

பொளியின் அகலம் 3 நூல், காலின் வெளிமுகத்திலிருந்து 3 நூல் தள்ளி. நீளம் 2 அங்குலம், காலின் கடைசித் தலையிலிருந்து அரை அங்குலம் கீழே தொடங்கும். ஆழம் சரியாக ஓர் அங்குலம். அதற்கு மேல் போகாதீர்கள்: ஒவ்வொரு காலிலும் பக்கத்துப் பக்கத்து முகங்களில் இரண்டு பொளி உண்டு. இந்தக் கணக்கில் அவை உள்ளே ஒன்றின் மூலையை ஒன்று தொட்டு நிற்கும். இன்னும் ஒரு நூல் இறங்கினால் ஒன்றுக்குள் ஒன்று திறந்து, காலின் மூலை வெற்றுக்கூடாகிவிடும். டிரில்லில் 8 மி.மீ. பிட் போட்டு, ஓர் அங்குலத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, வரிசையாகத் துளை போடுங்கள். மிச்சத்தை உளியால் இருபுறமும் செதுக்கிக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். பலாவின் பால்பிசின் உளியிலும் இழைப்புளியிலும் ஒட்டினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். பால் போக்கத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் அது மரத்தில் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. அடுக்களையிலேயே இருக்கட்டும்.

கழுந்து 3 நூல் கனம், 7 நூல் நீளம். பொளியின் அடியில் ஒரு நூல் இடம் மிஞ்சும், அது பசைக்கு. சட்டத்தின் மேல் அரை அங்குலத்தைக் கழுந்திலிருந்து வெட்டி விடுங்கள். தோள் (கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டத்தில் விழும் படி) அறுக்கும்போது கோட்டைக் கத்தியால் கீறி, வாளைக் கோட்டுக்கு வெளியே ஓட்டுங்கள். பென்சில் கோட்டை நம்பினால் நான்கு தோளும் நான்கு விதமாக இருக்கும். பொருத்திப் பார்க்கும்போது கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) இரண்டு மெல்லிய தட்டில். ஓங்கி அடித்துத்தான் போகிறது என்றால் நிறுத்துங்கள். கால் பிளப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி அடியில்தான். தானாக விழுகிறது என்றால் அதே மரத்தின் மெல்லிய சீவலைக் கழுந்தின் கன்னத்தில் ஒட்டிச் சரிசெய்யலாம். பின்கால் கீழ்ச்சட்டத்துக்கும் இதே முறைதான், பொளி நீளம் மட்டும் 1 அங்குலம்.

பசை போடாமல் ஒருமுறை முழுதாகக் கூட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டமாக ஒட்டுங்கள்: முதல் நாள் குறுக்குச்சட்டத்தோடு இரண்டிரண்டு கால், மறுநாள் நீளச்சட்டங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூசினால் கடைசி மூட்டுக்கு வருவதற்குள் முதல் மூட்டில் பசை இறுகிவிடும். இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒன்று நீண்டிருந்தால் கிளாம்ப்பை அந்தப் பக்கம் சற்றுச் சாய்த்தால் சரியாகும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் போட்ட பிறகு அந்த இடம் வெளுத்துத் தெரியும்.

மேல்பலகைக்கு 4½ அங்குலப் பலகை நான்கு எடுங்கள், இழைத்ததும் 4 ஆகும். இங்கே ஒரு கைப்பழக்கம் உண்டு. ஒட்டவேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் மடக்கிச் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். இழைப்புளி ஒருபக்கம் சாய்ந்தாலும், விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வு மற்றதை ஈடுகட்டிப் பலகை மட்டமாகிவிடும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நடுவில் தலைமுடி அளவு வெளிச்சம் இருந்தால் நல்லது, முனைகளில் இருந்தால் திரும்ப இழையுங்கள். நீண்ட கிளாம்ப் இல்லாவிட்டால் கவலை இல்லை: ஒரு பெரிய பலகையில் இரண்டு கட்டையை ஆணியடித்து நிறுத்தி, இடையில் மேல்பலகையை வைத்து, எதிரெதிர் ஆப்பு கொடுத்து இறுக்குங்கள். இறுக்கும்போது பலகை மேலே கிளம்பாமல் இருக்க அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாலும் சரி.

கடைசி வேலைதான் மேசையின் ஆயுள். மேல்பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்தோ, மேலும் கீழும் பசை பூசியோ பிடிக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் விரியும், பங்குனியில் சுருங்கும். சட்டம் அப்படி மாறாது. 1½ அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் ஆறு சிறு கட்டை செய்து, ஒரு முனையில் 3 நூல் நீளத்துக்கு நாக்கு விடுங்கள். மரத்தின் ரேகை நாக்கின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் இழுப்பிலேயே நாக்கு உடையும். சட்டத்தின் உள்முகத்தில் மேல்விளிம்புக்கு 3 நூல் கீழே குழி வெட்டி நாக்கை அதில் செருகி, கட்டையை மட்டும் மேல்பலகையில் திருகாணியால் பிடியுங்கள். நீளச்சட்டத்தில் இரண்டிரண்டு, குறுக்குச்சட்டத்தில் ஒவ்வொன்று. நீளச்சட்டத்தில் கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி இருக்கட்டும். குறுக்குச்சட்டத்தில் குழியின் நீளம் கட்டையைவிட இருபுறமும் ஒரு நூல் கூடட்டும். திருகாணி முக்கால் அங்குலப் பலகையைத் துளைத்து மேலே வராத நீளமா என்று இருமுறை பாருங்கள். இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மேல்பலகையின் விளிம்பை 2 நூல் உருட்டி விடுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, கூர்விளிம்பில் லேசாக உரசினாலே கிழியும்.

கேள்வி: ரப்பர் மரத்தில் பேத்திக்கு எழுதும் மேசை செய்து மூன்று மாதம் ஆகிறது. காலடியில் பவுடர்போல மாவு கொட்டுகிறது. கறையானா? குழந்தைக்கு எந்த உயரம் சரி?
– வாசகர், குலசேகரம்

பதில்: கறையான் என்றால் மண் தெரியும். இது மரத்தூள் வண்டு. பெண் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும், புழு உள்ளே தின்று வளர்ந்து, குண்டூசித் தலை அளவு துளை போட்டு வெளியே வரும். அப்போது கொட்டுவதுதான் மாவு. ரப்பர் மரத்தில் இது அதிகம், காரணம் மரம் முழுக்க மாவுச்சத்து. பலா, அயினி மாதிரி பூச்சிக்குக் கசக்கும் வைரம் அதற்கு இல்லை. அறுத்து ஓரிரு நாளிலேயே நீலம் பாய்ந்து பூஞ்சை பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ரப்பர் பலகையை அறுத்த ஈரத்திலேயே போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் பதப்படுத்த வேண்டும். மரக்கடையில் மெஷினில் அழுத்தம் கொடுத்துப் பதப்படுத்திய பலகை என்றால் மட்டும் வாங்குங்கள். விறகு விலைக்குக் கிடைத்த பச்சைப் பலகையில் பிறகு மேலே பூசும் மருந்து உள்ளே போகாது.

உங்கள் மேசைக்கு இப்போது என்ன செய்வது? அடியில் கறுப்புத் தாளை விரித்து, இருக்கும் மாவைத் துடைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புது மாவு எந்தப் பாகத்திலிருந்து விழுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு காலிலோ ஒரு சட்டத்திலோ மட்டும் என்றால் அதை மாற்றிவிடுங்கள். மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைகளில் செலுத்தி மெழுகால் அடைப்பதும் பலன் தரும், ஆனால் ஆழத்தில் உள்ள புழு தப்பிவிடும். மறுபடி மருந்து போட நேரும். மருந்து போட்ட மேசையில் குழந்தையை உடனே உட்கார வைக்க வேண்டாம். மேல்பலகையிலேயே பல இடத்தில் துளை என்றால் மருந்துச் செலவு வீண். வீட்டில் மற்ற மரச்சாமான் இருக்கும் அறையிலிருந்து முதலில் அதை வெளியே எடுங்கள்.

உயரம்: 115 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு மேசை 53 செ.மீ., இருக்கை 31 செ.மீ. 130 செ.மீ. என்றால் 59, 35. பெரிய நாற்காலியில் தலையணை போட்டுப் பெரிய மேசையில் உட்காரவைத்தால் கால் தொங்கும், பத்து நிமிடத்துக்கு மேல் குழந்தை இருக்காது.

கேள்வி: தக்கலையில் செய்து சென்னையில் மகள் வீட்டுக்கு அனுப்பிய தேக்கு டீப்பாய் எட்டு மாதத்தில் நடுவில் விரிந்துவிட்டது. தேக்கு வெடிக்குமா? மரம் மோசமா?
– வாசகி, தக்கலை

பதில்: மரத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, கட்டியவிதம்தான். அறை ஏ.சி.யா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க் காற்றில் மரம் 14, 15 சதவீத ஈரத்தோடு நிற்கும். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் 10 வரை இறங்கும். தேக்குக்கு ஒரு சதவீத ஈரம் குறைந்தால் அகலவாக்கில், பக்கவாட்டில் அறுத்த பலகை என்றால், ஏறக்குறைய 0.2 சதவீதம் சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகையில் 4 சதவீத ஈரம் இறங்கினால் கணக்கு 3½ மி.மீ. வருகிறது. ஆணியும் பசையும் நகர விடாவிட்டால் அந்த 3½ மி.மீ. எங்கோ ஓர் இடத்தில் விரிசலாகத் திறக்கும். நீளவாக்கில் மரம் சுருங்குவது மிக மிகக் குறைவு; சட்டம் அசையாமல் நிற்பது அதனால்தான்.

அடியிலிருந்து திருகாணிகளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அப்போதே விரிசல் பாதி மூடும். பிறகு துளைகளை அகலவாக்கில் நீட்டி, வாஷர் வைத்து மீண்டும் பூட்டுங்கள். விரிசல் பசையிட்ட இணைப்பில் விழுந்திருந்தால் பிரித்து விளிம்பை இழைத்துத் திரும்ப ஒட்டலாம். மரத்தின் நடுவில் விழுந்திருந்தால் அதே மரத்தில் மெல்லிய ஆப்புச் சீவல் செருகி இழைப்பது நல்லது. மக்கு (விரிசல் நிரப்பும் பசைக்கலவை) மட்டும் வைத்து அடைக்காதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் பலகை விரியும்போது மக்கு இடம் கொடுக்காது, பக்கத்தில் புது விரிசல் விழும்.

இனிமேல் வெளியூருக்கு அனுப்பும் மேசை என்றால், இழைத்த பலகைகளை ஒரு வாரமாவது ஏ.சி. அறையில் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: நான்கு காலில் ஒன்று ஆடுகிறது. எதை வெட்டுவது?
– வாசகர், அருமனை

பதில்: எந்தக் காலையும் உடனே வெட்டாதீர்கள். முதலில் மேசையைத் திருப்பி வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இடம் மாறினால் குற்றம் தரையில். சமையலறை கிரானைட் திண்டு இருக்கும் இடங்களிலேயே மட்டமானது. அதில் ஏற்றி வைத்து, ஆடும் காலுக்கு அடியில் சீட்டுக்கட்டு அட்டைகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துக் கட்டையைத் திண்டிலேயே நகர்த்தி, நான்கு காலையும் சுற்றிக் கோடு கீறுங்கள். கோட்டில் வெட்டினால் முடிந்தது. கண்ணளவில் ஒரு காலை அரத்தால் தேய்ப்பவர்கள் அடுத்து எதிர்க்காலைத் தேய்ப்பார்கள், அப்புறம் முதல் காலை. முக்காலியில் முடியும்.

கேள்வி: வார்னிஷ் அடித்ததும் மேல்பலகை பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. மழைக்காலத்தில் அடித்ததுதான் காரணமா? பக்கத்து அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயை மேசைக்குப் பூசலாமா?
– வாசகர், கருங்கல்

பதில்: ஆமாம், மழைதான். பிரெஞ்சு பாலிஷ் என்னும் அரக்குப் பாலிஷ், லாக்கர் போன்றவற்றில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. தை முதல் சித்திரை வரை பாலிஷ் வேலையை வைத்துக்கொள்வதுதான் பழக்கமானவர்கள் செய்வது. அரக்குப் பாலிஷ் என்றால் வெயில் நன்றாக இருக்கும் நாளில், பதினொரு மணிக்கு மேல், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரே ஓட்டமாகத் துடைத்தால் வெளுப்பு பெரும்பாலும் போய்விடும். ஒரே இடத்தில் நிறுத்தித் தேய்த்தால் பாலிஷே கழன்றுவிடும். பி.யு. (பாலியூரிதேன்) வகை என்றால் இந்த வைத்தியம் பலிக்காது, உப்புத்தாளால் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டும்.

சமையல் வேலைக்குப் போகும் மேசைக்கு எங்கள் பரிந்துரை பி.யு. வார்னிஷ். உப்புத்தாள் 120, 180, 220 என்று வரிசையாக, மரத்தின் ரேகையோடு மட்டும். குறுக்கே தேய்த்த கோடு வார்னிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். முதல் பூச்சை டப்பாவில் சொன்ன தின்னர் கலந்து நீர்க்க அடியுங்கள். காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தடவி, இரண்டாவது, மூன்றாவது. மேல்பக்கம் மட்டும் அடித்து அடிப்பக்கத்தை விட்டுவிடுவது நிறையப் பேர் செய்யும் தப்பு. பூசாத பக்கம் ஈரம் குடித்து விரியும், பூசிய பக்கம் விரியாது. பலகை தோணிபோல் வளையும். அடியில் இரண்டு பூச்சாவது வேண்டும். வார்னிஷ் மேல் நேரடியாகக் காய் வெட்ட வேண்டாம், வெட்டுப்பலகை தனியாக இருக்கட்டும்.

முந்திரி ஓட்டு எண்ணெய் இந்த மேசைக்கு வேண்டவே வேண்டாம். பச்சையாக அதில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொசுக்கும். அண்டி உடைப்பவர்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மண்ணில் நடும் கம்பின் அடிக்கும் வள்ளத்துக்கும் பொருந்துவது கை வைக்கும் சாமானுக்குப் பொருந்தாது. நிறமும் கறுத்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: சாதாரண பெவிகாலா, மெரைனா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: படிக்கும் மேசைக்குச் சாதாரணம் போதும். அடுக்களைக்கும், திறந்த திண்ணையில் நிற்பதற்கும் தண்ணீர் தாங்கும் மெரைன். எதுவானாலும் இரவு முழுக்க இறுக்கிலேயே இருக்கட்டும். அடைமழையில் இன்னொரு பகல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளையில் வெட்டிய பழைய தென்னையில் மேசைக் கால் செய்யலாமா? தேக்கும் ஒன்று நிற்கிறது, வெட்டலாமா?
– வாசகர், திருவட்டாறு

பதில்: தென்னையில் செய்யலாம், ஆனால் தடியின் வெளிச்சுற்றில் மட்டும். நல்ல முதிர்ந்த தென்னையின் வெளிப்புறம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி, உள்நெஞ்சு 400க்கும் கீழே, நகத்தால் கீறினால் பள்ளம் விழும். கறுத்த நார்கள் நெருங்கி நிற்கும் பகுதியை எடுங்கள், நடுப்பகுதியை விறகுக்கு விடுங்கள். வாளும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். பொளி வெட்டும்போது நார் பிய்ந்து வரும், ஆகையால் கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு உளி வையுங்கள்.

தேக்கு சொந்த நிலத்தில் நின்றாலும் வெட்டவும் வண்டியில் ஏற்றவும் அனுமதி வேண்டிவரும். கோடாலி எடுக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈட்டி, சந்தனம் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: தினமும் தரை துடைப்பதால் மேசைக் காலின் அடி கறுத்துப்போகிறது. வீடு கடற்கரைப் பக்கம். இரும்புத் திருகாணியும் துருப்பிடித்து மரத்தில் கறை இறங்குகிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: மரத்தின் நுனிவெட்டு, குழாய்க் கற்றையின் நுனியைப்போல, ஈரத்தைக் கிடுகிடுவென மேலே இழுக்கும். மேசையைக் கவிழ்த்து, கறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, காலின் அடிமுகத்தில் மட்டும் வார்னிஷை உறிஞ்சும்வரை நாலைந்து முறை ஊற்றித் தடவுங்கள். காய்ந்ததும் கால் அங்குலக் கனத்தில் ரப்பர் புஷ் அடியுங்கள். கிண்ணம்போல் காலைச் சுற்றிப் பிடிக்கும் வகை வேண்டாம், அதற்குள் தண்ணீர் தங்கும். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எவர்சில்வர் அல்லது பித்தளைத் திருகாணியாக மாற்றுங்கள். பித்தளை மெத்தென்று இருப்பதால் தலை முறியும்: முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, நுனியில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்துப் பித்தளையை ஏற்றுங்கள்.